கேட்கப்படாத வாக்கு: தேனி மாவட்டத்தில் கட்சித் தொண்டரும் உட்கட்சித் தேர்தலும்

கேள்வி

தேனி மக்களவைத் தொகுதியில் 2019ஆம் ஆண்டு இரட்டை இலைக்கு விழுந்த வாக்குகள் 5,04,813. அந்தத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. வென்ற ஒரே தொகுதி அது. 2024இல் அதே தொகுதியில் அதே சின்னம் பெற்றது 1,55,587. கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது, டெபாசிட்டும் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆர். 1984இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே வென்ற ஆண்டிபட்டியும், ஜெயலலிதா 1989இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குத் தேர்வான போடிநாயக்கனூரும் இந்தத் தொகுதிக்குள்தான் இருக்கின்றன.

இந்தச் சரிவை ஓர் அணியின் வீழ்ச்சியாகவோ ஒரு தலைவரின் பிடிவாதமாகவோ விளக்கும் எழுத்துகள் நிறைய வந்துவிட்டன. இக்கட்டுரையின் கவலை வேறு. தலைமையும் வேட்பாளரும் முடிவாகும் வேளையில், காலமெல்லாம் உழைத்த தொண்டர் தன் சொந்தக் கட்சியிலேயே அந்நியராக உணர்வது ஏன்? அந்த உணர்வு எங்கே போய் வெளிப்படுகிறது? அமெரிக்காவில் இதைக் கேட்டால் கட்சிகளின் முதனிலைத் தேர்தலைக் காட்டுவார்கள். நம் கட்சிகளில் அப்படியொரு தேர்தல் இல்லை. அது இல்லாத இடத்தில் பொதுத்தேர்தலே உட்கட்சித் தேர்தலின் வேலையையும் செய்துவிடுகிறது என்பதே இங்கே நான் முன்வைக்கும் வாதம். 2017 முதல் 2024 வரையிலான தேனி மாவட்ட நிகழ்வுகள் அதற்குச் சான்று.

வழக்கமான விளக்கங்கள்

முதலாவது, சாதி. அ.தி.மு.க.வின் தலைமை கொங்கு மண்டலத்துக்குப் போய்விட்டது, முக்குலத்தோர் மனம் கசந்தார்கள் என்பது தேநீர்க் கடை தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கிற விளக்கம். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2024இல் தேனியில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற தங்க தமிழ்ச்செல்வன், டி.டி.வி. தினகரன் இருவருமே முக்குலத்தோர். ஒருவர் உதயசூரியன், மற்றவர் குக்கர். சாதிக் கசப்பு இலையைவிட்டு ஏன் நகர்ந்தார்கள் என்பதற்குக் காரணமாகலாம்; எங்கே நகர்ந்தார்கள் என்பதற்கு அது விடை தருவதில்லை.

இரண்டாவது, கூட்டணிக் கணக்கு. 2019இல் பா.ஜ.க. அ.தி.மு.க.வோடு இருந்தது, 2024இல் தினகரனோடு இருந்தது. ஆகவே வாக்கு பிரிந்தது என்கிறார்கள். கூட்டிப் பார்ப்போம். 2019இல் இலையும் தினகரனின் அ.ம.மு.க.வுடைய பரிசுப் பெட்டியும் சேர்ந்து பெற்றவை 6,48,863. 2024இல் இலையும் குக்கரும் சேர்ந்து பெற்றவை 4,48,255. வெறும் பிரிவினை என்றால் கூட்டுத்தொகை பெரிதாக மாறியிருக்கக் கூடாது. ஏறத்தாழ இரண்டு லட்சம் வாக்குகள் இரண்டு பக்கமும் சேராமல் போயின. அதே காலத்தில் தி.மு.க. கூட்டணியின் வாக்கு 4,28,120இலிருந்து 5,71,493 ஆனது. நாம் தமிழர் கட்சியின் வாக்கும் கூடியது. வாக்குகளைக் கொண்டு ஒவ்வொருவர் மனத்தையும் படித்துவிட முடியாதுதான். ஆனால் தலைவர்கள் பிரிந்தபோது தொண்டர்களும் ஆதரவாளர்களும் அப்படியே பின்னால் போனார்கள் என்ற சித்திரம் பொய் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

மூன்றாவது, பணம். எல்லாப் பக்கமும் பாயும் பணம் இத்தனை பெரிய வேறுபாட்டை விளக்காது என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

சீட்டு வரும் வழி

தேர்தல் வந்ததும் தலைமைக் கழகம் விருப்ப மனு வாங்குகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அ.தி.மு.க. வாங்கிய கட்டணம் 15,000 ரூபாய், தி.மு.க.வில் பொதுத் தொகுதிக்கு 25,000. பிறகு நேர்காணல். அந்த ஆண்டு அ.தி.மு.க.வில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. நேர்காணல் ஒரே நாளில் முடிந்தது. பிறகு ஆட்சிமன்றக் குழு கூடுகிறது, பட்டியல் வருகிறது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் ஏ படிவமும் பி படிவமும் தேர்தல் அதிகாரி கைக்குப் போனால்தான் சின்னம். அந்தப் படிவத்தில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கட்சி இருக்கிறது.

இந்த வழியில் எந்த இடத்திலும் கிளைச் செயலாளரிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. அவர் செய்யும் வேலையைப் பார்த்தால்தான் இந்த விடுபடலின் கனம் புரியும். கம்பம் பள்ளத்தாக்கில் பிரசாரம் விடியுமுன் தொடங்குகிறது. ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப் ஏறும் ஆட்களை இருட்டிலேயே பிடித்தாக வேண்டும். மலையேறிவிட்டால் பொழுது சாய்ந்துதான் பார்க்க முடியும். திராட்சைத் தோட்டக்காரரை மருந்தடிக்கும் நேரம் தவிர்த்துப் பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு யார் திருப்பூரில் இருக்கிறார், யார் இறந்துவிட்டார், எந்த வீட்டில் புதிதாக ஓர் ஓட்டு சேர்ந்திருக்கிறது என்று வீடுவீடாகக் குறித்துவைப்பவர் அவர். வாக்குப்பதிவு நாளில் முகவராக உட்காருபவர் பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், ஐம்பது வாக்குகளாவது போட்டுப் பார்க்கும் மாதிரிப் பதிவைக் கண்ணால் கண்டு, முத்திரையைச் சரிபார்த்து, மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகலோடுதான் வெளியே வருகிறார். சாவடிக்கு 200 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரும், அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பவரும் அதே கிளைதான். ஊரில் ஒவ்வொரு ஓட்டையும் எண்ணத் தெரிந்த இந்த மனிதருக்குத் தன் கட்சியில் எண்ணப்படும் ஓட்டு ஒன்றுகூட இல்லை.

எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா காலத்திலும் இதே நடைமுறைதானே, அப்போது யாரும் அந்நியப்பட்டதாகத் தெரியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. 2014இல் ஜெயலலிதா ஏழாவது முறையாகப் பொதுச்செயலாளர் ஆனதும் போட்டியின்றித்தான். ஆனால் அந்தத் தலைவர்களைத் தொண்டர் தானே மனத்தால் தேர்ந்தெடுத்திருந்தார். 'அம்மா சொல்லிட்டாங்க' என்பதோடு பேச்சு முடிந்தது. அந்த முடிவு தன் முடிவாகவே தோன்றியது. 2001இல் ஆண்டிபட்டியில் வென்ற தங்க தமிழ்ச்செல்வன், ஜெயலலிதா போட்டியிடுவதற்காக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தபோது ஊரில் யாரும் முணுமுணுக்கவில்லை, பெருமையாகவே பேசினார்கள். ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5க்குப் பிறகு அந்த ஒப்புதலைப் பெறக்கூடிய ஒருவர் கட்சியில் இல்லை. நடைமுறை மட்டும் பழையபடியே நின்றது.

நான்கு தொகுதி, மூன்று அணி

2016இல் தேனி மாவட்டத்தின் நான்கு தொகுதிகளையும் அ.தி.மு.க.வே வென்றது. 2017 முடிவதற்குள் அந்த நால்வரும் மூன்று திசையில் நின்றார்கள். போடி உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் பிப்ரவரியில் கட்சித் தலைமைக்கு எதிராகத் தர்மயுத்தம் தொடங்கி, நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 பேரில் ஒருவரானார். ஆகஸ்ட் 21இல் திரும்ப இணைந்து துணை முதல்வரானார். ஆண்டிபட்டி தங்க தமிழ்ச்செல்வனும் பெரியகுளம் கதிர்காமுவும் தினகரன் பக்கம் போய், செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் இருவரானார்கள். கம்பம் ஜக்கையன் முதலில் தினகரன் பக்கம் நின்று, கடைசி நேரத்தில் திரும்பி வந்து பதவியைக் காத்துக்கொண்டார்.

பிரிந்தபோதும் சேர்ந்தபோதும் திரும்ப விலக்கியபோதும் ஒருமுறைகூட உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்கப்படவில்லை. சின்னத்தை முடக்கியதும் திருப்பித் தந்ததும் தேர்தல் ஆணையம். 1968ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணையின்படி பிளவில் பெரும்பான்மை யாரிடம் என்று பார்க்கும்போது ஆணையம் எடைபோட்டது நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களையும் பொதுக்குழுவினரையும்தான். சின்னமனூரில் இலையைச் சுவரில் வரைந்தவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அவர் கணக்கில் வந்த முதல் நாள் 2019 ஏப்ரல் 18. அன்று ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் ஒரே வாக்காளர் இரண்டு இயந்திரங்களில் வாக்களித்தார்: ஒன்று மக்களவைக்கு, ஒன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. மக்களவையில் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் 76,693 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சட்டமன்றத்தில் இரண்டு தொகுதிகளையும் தி.மு.க. கைப்பற்றியது. இரண்டிலும் அ.ம.மு.க. பெற்ற வாக்குகள் அ.தி.மு.க. தோற்ற வித்தியாசத்தைவிட அதிகம். ஆண்டிபட்டியில் போட்டியிட்டவர்கள் அண்ணனும் தம்பியும்: தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன். ஒரு வீட்டுக்குள்ளேயே கோடு விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்த மாவட்டத்தில் கோடு விழாத கட்சிக் கிளைதான் அபூர்வமாக இருந்தது.

எதிர்த் தரப்பையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மை. அந்த மக்களவைத் தேர்தலில் கூட்டணிக்காகத் தேனி காங்கிரசுக்குப் போனது. வேட்பாளர் ஈரோட்டுக்காரரான ஈ.வி.கே.எஸ். இளங்கோவன். 2009இலும் இத்தொகுதி காங்கிரசுக்கே தரப்பட்டது. உள்ளூர் தி.மு.க.காரர் தன் சின்னத்துக்கு இடைத்தேர்தலில் வெற்றி தேடித் தந்த அதே நாளில் மக்களவையில் கைச் சின்னம் தோற்றது. வேட்பாளர் தேர்வில் தன்னைக் கேட்காத மேலிடத்துக்குத் தொண்டர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதற்கு இரு கட்சிக்கும் பொதுவான சான்றாக அந்த இரண்டு இயந்திரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் இதற்கு 'உள்ளடி வேலை' என்று பெயர் வைத்துத் துரோகக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். வாய் திறக்க வேறு வழி இல்லாதவரின் பேச்சு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

விதியில் இருந்த உரிமை

அ.தி.மு.க.வின் சட்டவிதிகளில் ஓர் அருமையான வாசகம் இருந்தது: பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1972 அக்டோபரில் கட்சிக் கணக்கு கேட்டதற்காகத் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., தன் கட்சியில் மேலே இருக்கும் சிலர் தலைவரைத் தீர்மானிக்கக் கூடாது என்று கருதி வைத்த ஏற்பாடு அது. பொதுக்குழு மற்ற விதிகளைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது என்ற பாதுகாப்பும் இருந்தது. அரை நூற்றாண்டு அந்த உரிமை பயன்படுத்தப்படாமலே கிடந்தது, போட்டி வந்ததில்லை.

போட்டி வந்தபோது நடந்தது என்ன? 2017 செப்டம்பரில் பொதுச்செயலாளர் பதவியே நீக்கப்பட்டு, பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளராகவும் எடப்பாடி பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளராகவும் ஆனார்கள். 2022 ஜூன் 23 பொதுக்குழுவில் ஒற்றைத் தலைமைக் குரல் வலுத்தது. அடுத்து வந்த உள்ளாட்சி இடைத்தேர்தல்களில் இருவரும் சேர்ந்து கையெழுத்திடாததால் கட்சிக்காரர்கள் இலைச் சின்னம் இல்லாமல் சுயேச்சைகளாக நின்றார்கள். சின்னப் பதவிக்கு நின்ற அவர்களுக்கு நேர்ந்த கதியை யாரும் பெரிதாக எழுதவில்லை. என் பார்வையில் அந்தப் பூசலின் மிகக் கொடிய பகுதி அதுதான். ஜூலை 11இல் பொதுச்செயலாளர் பதவி மீண்டும் வந்தது, எடப்பாடி பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். கூடவே ஒரு புதிய நிபந்தனையும் வந்தது. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டு இருந்திருக்க வேண்டும்.

உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், தகுதி மட்டுமே வரையறுக்கப்பட்டது, பொறுப்பான கட்சிக்குத் தகுதி வரம்பு வேண்டாமா என்பது பழனிசாமி தரப்பின் வாதம். எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. கட்சியைச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தாங்கியது அந்தத் தரப்புதான். பொதுக்குழுவில் அதன் பெரும்பான்மையும் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் மாவட்டச் செயலாளர்கள் தலைமையின் தயவில் இருப்பவர்கள். இருபது மாவட்டச் செயலாளர்கள் பகிரங்கமாகப் பின்னால் நின்றாலொழிய வேட்புமனுவே இல்லை என்றால், உறுப்பினர் முன் இரண்டாவது பெயர் ஒருநாளும் வராது. 2023 மார்ச்சில் அதுவே நடந்தது: தேர்தல் அறிவிக்கப்பட்டது, ஒரே மனு வந்தது, மார்ச் 28இல் உயர் நீதிமன்றம் எதிர்த் தரப்பின் மனுக்களைத் தள்ளிய அன்றே பழனிசாமி பொதுச்செயலாளரானார். ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் என்று கட்சி சொல்லிவந்த எண்ணிக்கையில் ஒருவருக்கும் வாக்களிக்கும் தேவை எழவில்லை.

இதற்கிடையே, ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் யார் கையெழுத்துக்குச் சின்னம் என்ற பிரச்சினை வந்தபோது, வேட்பாளரைப் பொதுக்குழு முடிவுசெய்யட்டும், நீக்கப்பட்டவர்களையும் சேர்த்துக் கேளுங்கள் என்று 2023 பிப்ரவரி 3இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கடிதங்கள் போயின. 2,646 பேரில் 2,501 பேர் பழனிசாமி தரப்பின் வேட்பாளர் தென்னரசுவுக்கு ஒப்புதல் தந்தார்கள். தமிழகக் கட்சி ஒன்றில் வேட்பாளருக்காக வாக்குக் கணக்கு வெளியான அரிய தருணம் அது. ஆனால் கடிதத்தில் இருந்தது ஒரே பெயர். கேட்கப்பட்டவர்கள் பொதுக்குழுவினர் மட்டுமே. கட்சி சொல்லும் உறுப்பினர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு ஒருவர் வீதம்.

2024: தள்ளிப்போடப்பட்ட உட்கட்சித் தேர்தல்

இந்தப் பின்னணியில்தான் 2024ஐப் படிக்க வேண்டும். தேனியில் போட்டியிட்ட மூன்று முக்கிய வேட்பாளர்களில் தங்க தமிழ்ச்செல்வன் 2019 ஜூன் வரை தினகரனின் தளபதி. தினகரன் 1999இல் இரட்டை இலையில் பெரியகுளத்தின் மக்களவை உறுப்பினர். மூன்றாமவர் நாராயணசாமி அ.தி.மு.க.வின் அதிகாரபூர்வ வேட்பாளர். மூவருமே இலையின் நிழலில் வளர்ந்தவர்கள். சாவடிக்கு வெளியே ஒருகாலத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் மூன்று மேசைகளுக்குப் பிரிந்தார்கள். கட்சிக்குள் நடக்க வேண்டிய போட்டி ஊர்ப் பொதுவில் நடந்தது. முடிவில் குக்கர் இலையைவிட 1,37,081 வாக்குகள் கூடுதலாகப் பெற்றது, உதயசூரியன் 2,78,825 வித்தியாசத்தில் வென்றது. ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற பன்னீர்செல்வம் இரண்டாம் இடம் பெற, இலை அங்கும் மூன்றாம் இடத்துக்குப் போனது.

இதற்கு முன்னுதாரணம் இலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1973 மே மாதம், அண்டைத் தொகுதியான திண்டுக்கல்லில் மாயத்தேவர் இரட்டை இலையின் முதல் வெற்றியைப் பெற்றபோது ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. கணக்குக் கேட்டவரைக் கட்சிக்குள் கேட்கவிடாததன் விலை அது.

வாக்களித்தால் மனம் ஆறுமா

முதனிலைத் தேர்தல் ஒரு மருந்து என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் 1903இல் அதைச் சட்டமாக்கியது முதல் இன்றுவரை, தோற்ற அணியின் கசப்பு தீர்ந்ததில்லை. 2016இல் பெர்னி சாண்டர்சுக்கு முதனிலையில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் பொதுத்தேர்தலில் டிரம்புக்கு வாக்களித்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. உறுப்பினர் வாக்கு பணக்காரரையும் ஆவேசப் பேச்சாளரையும் தூக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கே 7,897, சசி தரூர் 1,072. வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள் மட்டுமே. மேலிடத்தின் சாய்வு பற்றிய புகாரும் இருந்தது. அப்படியிருந்தும் 1,072 பேர் இருக்கிறார்கள் என்பது பதிவாயிற்று. அவர்களைத் துரோகி என்று ஒரே சொல்லில் ஒதுக்க முடியாது, அவர்களே கட்சி என்று கொண்டாடவும் முடியாது. தேனியின் அதிருப்திக்கு அப்படியொரு எண் கட்சிக்குள் கிடைத்திருந்தால், அது எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது என்று தலைமைக்கும் தெரிந்திருக்கும், அதிருப்தியாளருக்கும் தெரிந்திருக்கும். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்னது இங்கே பொருந்துகிறது: குரல் கொடுக்க வழி இருக்கும் அமைப்பில் மனிதர்கள் வெளியேறுவதைத் தள்ளிப்போடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் தொண்டர் இந்த ஆண்டுகளில் வெளியேறாமலேயே ஒதுங்கிப் பார்த்தார். முகவராக உட்கார மறுத்துப் பார்த்தார். இரண்டு இயந்திரங்களில் இரண்டு விதமாகவும் அழுத்திப் பார்த்தார்.

தி.மு.க. கிளை முதல் அமைப்புத் தேர்தல் நடத்துகிறது. 2022 அக்டோபரில் தலைவர் தேர்வு அங்கும் போட்டியின்றியே முடிந்தது. எனவே இது ஒரு கட்சியின் குறை அன்று.

செய்ய வேண்டியவை

அ.தி.மு.க. பத்து மாவட்டச் செயலாளர் நிபந்தனையை நீக்க வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அடிப்படை உறுப்பினர்கள் முன்மொழிந்தால் போதும் என்று ஆக்க வேண்டும். எல்லாக் கட்சிகளும் உறுப்பினர் பட்டியலைக் கிளைவாரியாக வெளியிட வேண்டும். வாக்காளர் பட்டியலைச் சாவடிவாரியாகச் சரிபார்க்கத் தெரிந்த தொண்டருக்குத் தன் கட்சிப் பட்டியலைச் சரிபார்ப்பது கடினமான வேலை அன்று. விருப்ப மனு கொடுத்தவர்களின் பெயரை ஒன்றிய அளவில் வைத்து வாக்கெடுத்து, முடிவைத் தலைமை ஏற்காவிட்டாலும் எண்ணிக்கையையாவது வெளியிட வேண்டும்.

கட்சிகள் தாமாக இதைச் செய்யா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு கட்சியைப் பதிவுசெய்ய வழி சொல்கிறது. உட்கட்சித் தேர்தலை முறையாக நடத்தாத கட்சியை என்ன செய்வது என்று சொல்வதில்லை. பதிவை ரத்துசெய்யும் அதிகாரம், சில விதிவிலக்குகள் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. கட்சிகளின் உள் ஜனநாயகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்ன சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை அரசிடம் தரப்பட்டது 1999இல். அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.